கிழத் தேயிலையும் புது மண்ணும்

கொத்மலைப் பக்கத்து மலைகளில் கிழத் தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று நடும் வேலையைப் பற்றி இவ்வாரம் சில வார்த்தைகள் எழுத எண்ணுகிறேன். இது விவசாய இலாகாவின் துண்டுப் பிரசுரத்திற்கு உரிய விஷயமேயன்றி இலக்கியப் பகுதிக்கு ஏற்றதன்று என்று சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். மலைநாட்டுத் தமிழர் சரித்திரத்தில் மண்ணைத் தொடாத அத்தியாயம் ஒன்றுண்டோ? தேயிலைத் தூரிலே தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டி அழைத்து வரப்பட்டவர்களின் பேரர்கள், அந்தத் தூர் எந்த மண்ணில் நிற்கிறது, இன்னும் எத்தனை காலம் நிற்கும் என்று கேட்பதில் தவறொன்றும் இல்லை.

முதலில் அந்த மண்ணின் வயதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். புசல்லாவையைச் சேர்ந்த ரொத்சைல்ட் தோட்டத்தில் மொரிஸ் வோர்ம்ஸ் என்பவர் சீனத்திலிருந்து கொணர்ந்த தேயிலையை 1841ஆம் ஆண்டில் நட்டுப் பார்த்தார். அக்காலத்தில் அது ஒரு கனவானின் வேடிக்கையாகவே நின்றுவிட்டது. ஏனெனில் நாடு முழுவதும் கோப்பிப் பித்துப் பிடித்திருந்தது. காட்டை வெட்டினார்கள், வெட்டியதை எரித்தார்கள், எரிந்த சாம்பலிலே கோப்பிக் கன்றை நட்டார்கள். இடையிலே ஒரு புல் முளைத்தாலும் அதைச் சுரண்டி எறிவதே நல்ல தோட்டத்துக்கு இலட்சணம் என்று கருதினார்கள். பல்லாயிரம் ஆண்டுகளாகக் காடு சேர்த்து வைத்த கறுத்த மேல்மண், சில பத்து வருஷ மழையிலே கீழே போயிற்று. 1869இல் இலைத்துரு நோய் தோன்றி, அடுத்த இரு பத்தாண்டுகளுக்குள் கோப்பியையே கொண்டுபோயிற்று. அதற்கு இரண்டு வருஷம் முன்னதாக, 1867இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். பின்னர் நடந்ததை யாவரும் அறிவர். ஆனால் யாவரும் கவனியாத ஒன்று உண்டு: மலைநாட்டின் பல பகுதிகளில் தேயிலை புதுக்காட்டு மண்ணில் தொடங்கவில்லை, கோப்பி உண்டு மிச்சம் வைத்த மண்ணிலே தொடங்கிற்று. இன்று நாம் மூன்றாம் முறையாக அதே நிலத்தைக் கேட்கப் போகிறோம். கேட்கிற முறையில் கொஞ்சம் பணிவு வேண்டாமா?

விதையிலிருந்து முளைத்த பழைய தேயிலையை நம்மவர்கள் விதைத் தேயிலை என்பார்கள். ஒரு மலையில் நிற்கும் ஆயிரம் செடிகளும் ஆயிரம் முகம். ஒன்று சீக்கிரம் கொழுந்து விடும், ஒன்று சோம்பும், ஒன்று நோயில் விழும், பக்கத்துச் செடி அசையாமல் நிற்கும். விளைவு குறைவு என்பது அதன் குற்றம். ஆயினும் அதற்கு ஓர் ஆணிவேர் உண்டு. வறட்சியில் ஆழத்து ஈரத்தைத் தேடிப்போகும் வேர் அது. தண்டிலிருந்து ஓர் இலையும் ஒரு கணுவுமாக நறுக்கி, தவறணையில் உறையிலிட்டு வளர்த்து எடுக்கும் இக்காலத்துக் கன்றுக்கு அந்த ஆணிவேர் இல்லை. விளைவு மிகுதி, கொழுந்தும் ஒரே சீர். ஆனால் வேர் மேலோடுவது. ஆதலால், புதுக்கன்று பழைய செடியைக் காட்டிலும் மேல்மண்ணை நம்பிப் பிழைப்பது. மேல்மண்ணோ பழைய செடி நட்ட நாளில் இருந்ததைவிடக் குறைந்துபோயிற்று. இந்த இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்கிறவனுக்கே மறுநடுகை என்பதன் முழுக் கஷ்டமும் விளங்கும்.

இலங்கையில் கோப்பியின் இலையைத் துரு தின்றுகொண்டிருந்த அதே காலத்தில், பிரான்ஸ் தேசத்திலே திராட்சைக் கொடியின் வேரை ஒரு சிறு பூச்சி தின்றுகொண்டிருந்தது. 1860களில் தொடங்கிய அந்த அழிவு அத்தேசத்துத் திராட்சைத் தோட்டங்களைப் பெரும்பாலும் சுடுகாடாக்கிற்று. அமெரிக்கக் கொடியின் வேர் அப்பூச்சியைத் தாங்கும் என்று கண்டுபிடித்து, அதன்மேல் தங்கள் பழைய கொடிகளை ஒட்டுக்கட்டினார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணினார்கள், தீரவில்லை. சுண்ணாம்பு மண் உள்ள மாவட்டங்களில் அந்த அமெரிக்க வேர் மஞ்சள் பூத்து வாடிற்று. அப்போது 1887ஆம் வருஷத்தில் பியர் வியாலா என்ற பேராசிரியரை அரசாங்கமே கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பியது. சுண்ணாம்பு நிலத்தில் இயல்பாகவே செழிக்கும் காட்டுக்கொடி எங்கே என்று தேடி அவர் டெக்சாஸ் வரை அலைந்தார். அவ்வகைக் கொடியின் வழித்தோன்றல்களே அந்த மண்ணுக்குப் பொருந்தின. மண்ணுக்காகச் செடியைத் தேடி ஒரு சமுத்திரத்தைக் கடந்தார்கள் என்பதை நம் பக்கத்துத் தோட்ட நிர்வாகிகள் ஒருகால் நினைத்துப் பார்க்க வேண்டும். நமக்குச் சமுத்திரம் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. தலவாக்கலைக்குப் போனால் போதும்.

1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலே இருக்கிறது. கொத்மலைக்கு அது அயலூர் மாதிரி. அங்கே தெரிந்தெடுத்து வளர்த்த 2020 வரிசைக் கன்றுகள் இத்தீவின் தேயிலையையே மாற்றின; பின்னர் 3000, 4000 வரிசைகளும் வந்தன. ஒரே வரிசையில் பிறந்த சகோதரச் செடிகளுக்குள்ளேயே எத்தனை வேற்றுமை! 2025 என்னும் இனம் வறட்சியை ஒருவாறு தாங்கும், 2023 தாங்காது. இதைத் தெரிந்துகொள்ள விஞ்ஞானப் பட்டம் வேண்டுவதில்லை; மாசி, பங்குனி வெயிலில் இரண்டு மலைக்கும் நடுவே நின்று பார்த்தால் போதுமானது.

கொத்மலையோ ஒரே ஊர் என்ற பெயரில் பல ஊர். நீர்த்தேக்கத்தின் கரையில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீற்றர். அங்கே உச்சிவேளையில் சட்டை நனையும். இறம்பொடைப் பக்கம் ஏறினால் நடுப்பகலிலும் பனிமூட்டம். வியாபாரிகள் கணக்கில் 2000 அடிக்கும் 4000 அடிக்கும் இடைப்பட்டது மத்திய மலைத் தேயிலை, அதற்கு மேற்பட்டது உயர்மலைத் தேயிலை. கொத்மலையில் ஒரே தெருவில் வண்டி ஏறி இறங்குவதற்குள் இந்த இரண்டு உலகத்தையும் கடந்துவிடலாம். தென்மேல் பருவ மழை முகத்தில் அறையும் சரிவு ஒன்று. அதற்கு முதுகு காட்டிக்கொண்டு காயும் சரிவு மற்றொன்று. ஒரு மலையின் மேல்தலைப்பில் கல்லும் சரளையும், பள்ளத்தில் கழுவி வந்த ஆழ மண். இவ்வளவையும் ஒரே இனத்துக் கன்றால் நிரப்புவது, குடும்பத்தில் உள்ள ஒன்பது பேருக்கும் ஒரே அளவில் சட்டை தைப்பதற்கு ஒப்பாகும். எனினும் அப்படித்தான் நடக்கிறது. தவறணையில் எந்தக் கன்று மிஞ்சி நிற்கிறதோ அதுவே மலைக்கு ஏறுகிறது. கன்றுக்கு மலை தேடுகிறார்களே தவிர மலைக்குக் கன்று தேடுவதில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அது புல்லைப் பற்றியது.

கிழத் தேயிலையைப் பிடுங்கியதும் அடுத்த மழைக்கே கன்று நடலாகாது. இது ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாகச் சொல்லி வருவது. பிடுங்கும்போது வேரின் துண்டுகளையும் பொறுக்கி எடுக்க வேண்டும். மண்ணுள் விட்ட வேரிலே சிவப்பு வேரழுகல் பூஞ்சணம் குடியிருந்து புதுக்கன்றைப் பிடிக்கும். பிறகு சரிவுக்குக் குறுக்கே, சம உயரக் கோட்டிலே கான் வெட்ட வேண்டும். ஓடும் நீரை நடக்கவைக்கும் கான். அதன்பின் மானாப்புல்லோ குவாட்டமாலாப் புல்லோ நட்டு, பதினெட்டு மாதத்திலிருந்து இரண்டு வருஷம் வரை நிலத்தை அதனிடமே ஒப்படைத்துவிட வேண்டும். புல் ஓங்கி வளர வளர வெட்டி அவ்விடத்திலேயே போர்த்துவார்கள். அதன் வேர்கள் இறுகிய மண்ணைப் பிளந்து பொலபொலப்பாக்கும்; வெட்டிய தாள் மக்கி மறுபடியும் கறுத்த மண்ணாகும்; உயர்ந்த மலைகளில் தேயிலை வேரைப் புண்ணாக்கும் நுண்புழுக்கள் உண்ண வேரின்றிக் குறையும். தேயிலை புளிப்பு மண்ணை விரும்புவது. அமிலகாரக் குறியீடு 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆனால் வருஷக்கணக்காக இரசாயன உரம் கொட்டிய மலைகளில் புளிப்பு அளவு மீறிப்போவதும் உண்டு. அதைச் சோதித்துத் திருத்துவதற்கும் இந்தப் புல்லின் காலமே வாய்ப்பான காலம்.

அந்த இரண்டு வருஷத்தில் மலை ஒரு சதம் வருமானம் தராது. ஆகையால் முதலில் வெட்டப்படுவது இந்தப் புல்தான். ஆறு மாதத்தில் புல்லைப் பிடுங்கிவிட்டுக் கன்று நட்ட மலைகள் உண்டு. புல்லே போடாமல் நட்டவையும் உண்டு. கணக்குப் புத்தகத்தில் அவை மறுநடுகை செய்த ஏக்கர்களாகவே பதிவாகும். நான்காம் வருஷம் அங்கே போய்ப் பாருங்கள். ஏக்கருக்கு 4 அடிக்கு 2 அடி வீதம் ஐயாயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட கன்று நட்ட இடத்தில், வாயில் பல் விழுந்தாற்போல் இடைவெளி இடைவெளியாக இருக்கும். ஊடுநடவு, மறுபடியும் ஊடுநடவு. செத்த கன்றுக்குக் காரணம் கேட்டால் வெயில் என்பார்கள். வெயில் பக்கத்து மலைக்கும் அடித்ததுதானே?

கன்று நட்ட பின்னரும் வேலை குறைவதில்லை, கூடுகிறது. பதினெட்டு அங்குல ஆழக் குழி, அடியில் நல்ல மண், கன்றைச் சுற்றிப் புற்போர்வை, நிழலுக்கு முள்முருங்கையும் சவுக்கும், பின்பு தண்டை வளைத்துக் கட்டி அகலப் படரவிடுதல், அதற்குப் பிறகே மட்டம் எடுத்தல். முதல் கவ்வாத்து வரையில் அவசரப்பட்டுக் கொழுந்துக்குக் கை வைக்கக் கூடாது. இவையெல்லாம் பழைய கங்காணிமாருக்கும், அவர்களைவிட நன்றாகக் கொழுந்துக்காரப் பெண்களுக்கும் தெரிந்தவை. எந்த மலையின் எந்த மூலையில் ஐப்பசி மழைக்கு ஊற்று எடுக்கும், எந்த நிரையில் கன்று நின்றதே இல்லை, எங்கே முள்ளுக் குத்தினால் கல்லில் இடறும் என்று அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். ஒரு மலையை மறுநடுகைக்கு எடுக்குமுன் அங்கே இருபது வருஷம் கொழுந்தெடுத்த பெண்கள் நால்வரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டதாக நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. மண் பரிசோதனைக்குச் செலவழிக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் நால்வருக்கு ஒரு கோப்பைத் தேநீர் பெரிய செலவன்று.

இனி, இந்தப் பொறுமையை யார் பொறுப்பது என்ற கேள்விக்கு வருவோம். புல்லுக்கு இரண்டு வருஷம். கன்று நட்டு ஒழுங்கான கொழுந்து காண ஏறத்தாழ மூன்று வருஷம். போட்ட முதல் திரும்ப அதற்கும் மேலே பல வருஷம். பேரப்பிள்ளைக்குப் பலா நடுகிறவனின் மனம் இதற்கு வேண்டும். ஆனால் மலைநாட்டுத் தோட்டங்களில் அந்த மனத்துக்கு உரியவர் யார்? நிலம் அரசாங்கத்தினுடையது. 1972, 1975ஆம் வருஷங்களின் காணிச் சீர்திருத்தத்தில் அரசு எடுத்துக்கொண்ட தோட்டங்களை 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு விட்டார்கள். பிறகு 53 வருஷக் குத்தகையாக்கினார்கள். அது 2045இல் முடிவது. வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு நிலத்தையாவது மறுநடுகை செய்ய வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் சொல்லும் அளவு. அவ்வாறு செய்தாலும் ஒரு சுற்று முடிய ஐம்பது வருஷம். நடந்ததோ அதிலும் மிகக் குறைவு. முடிவு தேதி தெரிந்த குத்தகைக்காரன் முடிவு தேதிக்குப் பின் பலன் தரும் செடியில் பணம் போடமாட்டான். அது அவனது கெட்ட குணமன்று, கணக்கு. கம்பனிகளை வைது பயனில்லை என்று நான் கருதுவது இதனால்தான். கணக்கை மாற்றாமல் மனிதர்களை மாற்றச் சொல்வது வீண்.

இவ்விடத்தில்தான் நம்மவர்களுக்கு ஒரு புது வாக்குறுதி நீட்டப்படுகிறது. நாட்சம்பளத்துக்குப் பதிலாக, குறித்த எண்ணிக்கைச் செடிகளை ஒரு குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவது. குடும்பம் பராமரித்துக் கொழுந்தெடுக்கும். கொழுந்தைத் தொழிற்சாலை வாங்கிக்கொள்ளும். சில தோட்டங்களில் இது நடைமுறைக்கும் வந்துவிட்டது. நான் இதற்கு விரோதி அல்லேன். இத்தீவில் விளையும் தேயிலையில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் இன்று தருகிறவர்கள் சிறுதோட்டக்காரர்களே. காலியிலும் மாத்தறையிலும் இரத்தினபுரியிலும் ஓர் ஏக்கர், அரை ஏக்கர் வைத்துக்கொண்டு அவர்கள் சாதிப்பதைக் கொத்மலைத் தொழிலாளி சாதிக்க மாட்டான் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் தென்மாகாணத்துச் சிறுதோட்டக்காரன் தன் காணியில் நடுகிறான். இவனுக்குக் கொடுப்பது செடியை, நிலத்தை அல்ல. அதுவும் எந்தச் செடியை? இடைவெளி விழுந்த, வயது முதிர்ந்த, கம்பனியே மறுநடுகை செய்யத் தயங்கிய மலையையா? அப்படியானால் விஷயம் தெளிவு. அரை நூற்றாண்டாக ஒருவர் கழுவவிட்ட மண்ணின் நஷ்டத்தை, இனிமேல் கூலிக்காரன் தன் சொந்த நஷ்டமாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இதன் பொருள். கொழுந்து குறைந்தால் வருமானம் குறையும். வருமானம் குறைந்தால் நீ உழைக்கவில்லை என்பார்கள். மண் பேசாது.

ஆகவே செடிகளைப் பிரித்துக் கொடுக்கும் எந்த ஒப்பந்தத்திலும் தொழிற்சங்கங்கள் முதலில் கேட்க வேண்டியது கிலோவுக்கு என்ன விலை என்பதன்று. அந்த மலையின் வயது என்ன, புல்லுக்குப் போட்ட நிலமா, எந்த இனக் கன்று என்பதே. கிழ மலையாயின், பிடுங்கிப் புல் போட்டு நட்டுத் தரும் செலவு கொடுப்பவருடையதாகட்டும். அல்லது குடும்பமே அதைச் செய்வதானால் அந்த ஐந்து வருஷத்துக்கும் நாட்சம்பளம் நிற்கக் கூடாது. மறுநடுகைக்கு அரசாங்கம் தரும் மானியம் மண்ணில் நிற்பவரின் பெயருக்கே வரட்டும். ஒப்பந்தக் காலம் ஒரு செடியின் ஆயுளுக்குக் குறையாதிருக்க வேண்டும். முப்பது வருஷமாவது உறுதி இல்லாத நிலத்தில் எந்த அறிவுள்ள விவசாயியும் இரண்டு வருஷம் புல் வளர்க்க மாட்டான். வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் நிலத்துக்கு உறுதி பெறுவதற்கே நம் மக்கள் எத்தனை அரசாங்கங்களின் வாசலைப் பார்த்தார்கள் என்பதை நினைத்தால், இது பெரிய கோரிக்கைதான். ஆயினும் பெரியதைக் கேளாமல் சின்னதைப் பெற்றுக்கொண்டு, பிறகு அந்தச் சின்னதும் மழையில் போவதைப் பார்த்திருப்பதில் என்ன லாபம்? மற்றொன்றும் சொல்லிவிடுகிறேன்: ஒப்பந்தத்தில் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும். மலை அவளுக்குத் தெரியும். கையெழுத்து மட்டும் கணவனுடையது என்பது ஒவ்வாதது.

இதற்கு ஆட்சேபம் கூறுவோர் உண்டு. நிலத்தைத் தொழிலாளிக்கு விட்டால் தேயிலையைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கரட்டும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் போடுவான், நுவரெலியாவைச் சுற்றிப் பாருங்கள் என்பார்கள். இந்த ஆட்சேபத்தை நான் இலேசாகத் தள்ளவில்லை. செங்குத்தான சரிவிலே மூன்று மாதத்துக்கு ஒருமுறை மண்ணைக் கிளறும் மரக்கறிப் பயிர், ஒழுங்காக மூடி நிற்கும் தேயிலையைவிட மண்ணுக்குப் பெருங்கேடு செய்வது உண்மை. ஆனால் அந்த மரக்கறித் தோட்டங்கள் தோன்றியதன் காரணம் என்ன? மூன்று மாதத்தில் காசு தரும் பயிர் அது. நாளையைப் பற்றி உறுதி இல்லாதவன் மூன்று மாதப் பயிரைத்தான் நாடுவான். நீண்ட உறுதியைக் கொடுங்கள். கூடவே, குறித்த சரிவுக்கு மேல் மண் கிளறலாகாது என்ற நிபந்தனையையும் எழுதுங்கள். அந்த நிபந்தனை கம்பனிக்கும் தொழிலாளிக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

எல்லா மலையும் தேயிலைக்கு உரியதென்ற பிடிவாதத்தையும் கைவிட வேண்டும். சில சரிவுகளில் மண் அரையடிக்குமேல் இல்லை. அங்கே எந்த இனத்தை நட்டாலும் தோல்வி நிச்சயம். அவற்றை மரத்துக்கு விட்டுவிடுவதே மேல். மகாவலித் திட்டத்திலே 1979இல் தொடங்கி 1985இல் முடிந்த கொத்மலை அணைக்காக ஊர்களும் வயல்களும் நீருள் போயின. தண்ணீர் வற்றும் காலத்தில் கடதொர விகாரையின் இடிபாடு தலைகாட்டுவதைப் பார்க்க இன்றும் ஜனங்கள் கூடுகிறார்கள். அவ்வளவு பேரின் ஊரைக் கொடுத்துக் கட்டிய நீர்த்தேக்கத்தின் அடியில், மேலே உள்ள தோட்டங்களின் மண் ஒவ்வொரு மழைக்கும் இறங்கிப் படிகிறது. 2025 நவம்பரில் 'டித்வா' புயல் மலைநாட்டில் மண்சரிவாய் இறங்கிய போது, லயங்களும் வீடுகளும் மனிதர்களும் புதைந்ததைக் கண்டோம். அத்தகைய பேய்மழைக்குப் புல்லும் கானும் அணையாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பேய்மழை இல்லாத வருஷங்களிலும் ஓசையில்லாமல் இறங்கும் மண்ணைப் பற்றியே என் பேச்சு.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், நீர்த்தேக்கத்துக்கு நேர்மேலே சரியும் கிழ மலைகளில் தொடங்கலாம் என்பேன். ஒரு தோட்டத்துக்கு ஐந்து ஏக்கர் போதும். தலவாக்கலையிலிருந்து ஓர் ஆலோசகர், அந்த மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் நால்வர், கான் வெட்டத் தெரிந்த முதியவர் ஒருவர் ஆகியோர் கூடி ஒருநாள் அம்மலையை நடந்து பார்க்கட்டும். பழைய தூரைப் பிடுங்கிக் கானை வெட்டி முடித்துவிட்டால், வைகாசியில் தென்மேல் மழை விழுந்ததும் மானாப்புல் நடலாம். கன்றை இரண்டு வருஷம் கழித்துப் பேசிக்கொள்ளலாம்.